பதினாலு முதல் எபிசோடு

மலை உச்சியில வானிலை நிலையத்துல தனியா வேலை பார்க்குற பொண்ணு கதைதானே அது? தப்பா நெனச்சுக்காத பாப்பா. எட்டிப் பார்க்கணும்னு பார்க்கல. பக்கத்து சீட்டு, கண்ணு தானா போகுது. எத்தனாவது எபிசோடு? முதலாவதா? அப்ப நான் ஒண்ணும் சொல்லல. நீ பாரு.

ஒண்ணே ஒண்ணு மட்டும். அந்தப் பொண்ணு டீ போடறதையே நாலு நிமிஷம் காட்டுவான். அலுப்பா இருக்குன்னு நிறுத்திடாத. அதுக்கப்புறம் கீழ ஊருக்கு போன் பண்ணி, "நாளைக்கு மழை வரும், துணியெல்லாம் உள்ள எடுத்துப் போடுங்க"ன்னு சொல்லுவா பாரு, அந்த இடம் நல்லா இருக்கும். அவளுக்குன்னு காயப்போட ஒரு துணி இருக்காது.

என்ன அப்படிப் பார்க்குற? இந்த வயசுல இதெல்லாம் பார்ப்பாங்களான்னா? எனக்கு நாப்பத்தொன்பது. இந்த சீசன்ல மட்டும் பதினாலு தொடரோட முதல் எபிசோடு பார்த்துட்டேன். பதினாலு! ஏப்ரல் பொறந்ததுலேர்ந்து லேப் விட்டு வந்ததும் அதான் வேலை. குக்கர் வெச்சுட்டு ஒண்ணு, சாப்பிடறப்ப ஒண்ணு. ஜப்பான்காரன் வருஷத்துக்கு நாலு தடவை புதுசா பொம்மைத் தொடர் விடறான். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். உனக்குத் தெரியாததா.

நீ எங்க இறங்கணும்? பழனியா. நான் திண்டுக்கல். அங்க ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல இருக்கேன். முப்பது வருஷம் ஆகப் போகுது. சுலோச்சனான்னு கேட்டா அந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். பச்சைக் குழந்தைக்குக்கூட அழ விடாம ரத்தம் எடுத்துடுவேன். இப்ப என் தம்பியைப் பார்த்துட்டு வரேன். காலைல வந்தேன், சாயங்காலம் திரும்பறேன். நாலு வருஷம் கழிச்சுப் பார்த்தேன்.

ஏன் நாலு வருஷம்னு கேக்கற மாதிரி பார்க்குற. கேளு, சொல்றதுக்கு என்ன.

என் தம்பி பேரு சொக்கநாதன். சொக்கு. அம்மாவுக்கு ரொம்பத் தள்ளிப் பொறந்தவன். எனக்கும் அவனுக்கும் பதினேழு வயசு வித்தியாசம். அப்பா முதல்ல போயிட்டார். அவனுக்கு ஆறு வயசுல அம்மாவும் போயிட்டாங்க. எனக்கு அப்ப ஒரு இடம் பேசி முடிச்சிருந்தது. "இவனும் என்கூடதான் வருவான்"னு சொன்னேன். அதோட அந்த இடம் நின்னு போச்சு. நல்லதுக்குத்தான். அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்துல விட்டு, லேப்புக்குப் போய், வந்து... எனக்கு நேரம் ஏது?

காலேஜ் படிக்கறப்ப அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தேன். அதுல பொம்மைப் படம் பார்க்க ஆரம்பிச்சான். நான் திட்டுவேன். "இருபது வயசு ஆச்சு, பொம்மை பார்க்கறியேடா"ம்பேன். அவன் என்ன பண்ணுவான், புது சீசன் வந்தா என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வெப்பான். "அக்கா, முதல் எபிசோடு மட்டும் பாரு. நீ என்ன சொல்றேன்னு பார்ப்போம்." எனக்கு அந்த பாஷையும் தெரியாது, கீழ ஓடற இங்கிலீஷும் வேகமாப் போகும். அவன் பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வருவான். நான் பீன்ஸ் நறுக்கிக்கிட்டே பார்ப்பேன். பார்த்து முடிச்சதும் சொல்லிடுவேன். "இந்தப் பையன் கத்திக்கிட்டே இருக்கான், ஒண்ணுத்துக்கும் ஆக மாட்டான்." "இந்தக் கண்ணாடிக்காரன்தான் கடைசியில காலை வாருவான்." "முடியைப் பக்கவாட்டுல கட்டித் தோள்ல போட்டிருக்கே இந்த அம்மா, இது சீக்கிரம் செத்துடும்." அப்படியே நடக்கும்! அவன் ஒரு நீள நோட்டுல எழுதி வெப்பான். மேல "அக்கா தீர்ப்பு"ன்னு தலைப்பு. பத்துக்கு எட்டு சரியா இருக்கும். "எப்படிக்கா?"ம்பான். "தினம் நூறு பேர் மூஞ்சியைப் பார்க்கறேன்டா. முதல் பத்து நிமிஷத்துல தெரியாதது அப்புறம் எப்பவும் தெரியாது"ம்பேன்.

எட்டு வருஷம் அப்படி ஓடுச்சு. அவன் கோயம்புத்தூர்ல ஒரு பம்ப்செட் கம்பெனியில டிசைன் வேலைக்குப் போனான். சனிக்கிழமை ஆனா வந்துடுவான். புது சீசன்னா வெள்ளிக்கிழமையே வந்துடுவான்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, முன்கூட்டியே போன்ல சொல்லிட்டு, ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தான்.

பிரிசில்லான்னு பேரு. நாகர்கோவில். அவன் கம்பெனியிலயே கணக்குப் பிரிவு. நீ உடனே மதம்னு நெனச்சுக்குவ. அதெல்லாம் எனக்குக் கிடையாது. முப்பது வருஷமா எல்லார் ரத்தமும் எடுக்கறேன், எல்லாம் ஒரே கலர்தான். நான் பார்த்தது ஆளை. ஒல்லியா இருந்துச்சு. மஞ்சச் சுடிதார். நேந்திரங்கா சிப்ஸ் ஒரு பை கொண்டுவந்து மேஜையில வெச்சுச்சு. நான் கேட்டதுக்கெல்லாம் "ஆமாக்கா, சரிக்கா"ன்னுது. பத்து நிமிஷம். எனக்குத் தெரிஞ்சு போச்சு.

சொக்கு ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரேன்னு வெளிய போனான். நான் அந்தப் பொண்ணைப் பக்கத்துல கூப்பிட்டு, கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. "ரத்தமே இல்லையேம்மா"ன்னேன். முந்தின நாளே லேப்லேர்ந்து ஊசியும் ரெண்டு குப்பியும் எடுத்துட்டு வந்து பீரோவுல வெச்சிருந்தேன். சும்மா முன்னெச்சரிக்கைக்கு. "கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாரும் ஒரு டெஸ்ட் பண்ணிக்கறது நல்லதும்மா. கையை நீட்டு"ன்னேன்.

அது என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. கையை நீட்டிடுச்சு.

எடுத்தேன். கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது. சத்தமே இல்ல. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ஒரு ஊசிக்கே இப்படி அழுதா இது எங்க குடும்பம் நடத்தப் போகுதுன்னு தோணுச்சு.

சொக்கு ஐஸ்கிரீமோட உள்ள வந்தான். அவ முழங்கையில பஞ்சு. "என்னக்கா இது?"ன்னான். "ரத்தம் எடுத்தேன்டா. நாளன்னைக்கு ரிசல்ட் சொல்றேன்"ன்னேன். ஐஸ்கிரீம் டப்பாவை மேஜையில வெச்சான். அவ பையை எடுத்துக் கையில குடுத்தான். ரெண்டு பேரும் போயிட்டாங்க. சாப்பாடு போட்டு வெச்சிருந்தேன் பாப்பா. அவரைக்காய் பொரியல், எலுமிச்சை ரசம், அவனுக்குப் பிடிக்கும்னு உருளைக்கிழங்கு. எல்லாத்தையும் நானே மூணு நாள் வெச்சுச் சாப்பிட்டேன்.

சொன்னபடி ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணேன். "ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி எட்டு. மத்தது பரவால்ல. ஆனா இது சரிப்பட்டு வராதுடா"ன்னேன். அவன், "அக்கா, நீ டெஸ்ட் பண்ணது ஒரு மனுஷியை"ன்னான். வெச்சுட்டான்.

அதுக்கு என்ன அர்த்தம்? மனுஷியைத்தானே டெஸ்ட் பண்ணுவாங்க? ஆட்டையா பண்ணுவாங்க?

கல்யாணப் பத்திரிகை தபால்ல வந்துச்சு. நேர்ல வந்து கூப்பிடறதுதானே முறை? நான் போகல. அதுக்கப்புறம் அவனும் போன் பண்ணல, நானும் பண்ணல. நான் மூத்தவ. நானா முதல்ல போன் பண்ணுவேன்? அவனா பண்ணட்டும்னு இருந்தேன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கோயம்புத்தூர்லேர்ந்து கூரியர்ல கேக் வரும். பெட்டி மேல அவ கையெழுத்துல அட்ரஸ் இருக்கும். நான் தொடறதில்ல. லேப்ல குடுத்துடுவேன். ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவாங்க.

வீடு எப்படி இருந்துச்சுன்னு கேக்காத. டிவி ஓடும். பீன்ஸ் நறுக்குவேன். யார்கிட்டயாவது ஏதாவது சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். திரும்பிப் பார்த்தா நாற்காலிதான் இருக்கும்.

ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு நாள் காலைல லேப்ல வெறும் வயித்து ரத்தம் குடுத்துட்டு ஒரு ஆளு பெஞ்சுல உக்காந்து போன்ல என்னமோ பார்த்துக்கிட்டு இருந்தார். நான் அடுத்த ஆளுக்கு நரம்பு தேடிக்கிட்டு இருக்கேன். சொக்கு குரல் கேக்குது. "வணக்கம் மக்களே, புது சீசன், முதல் பார்வை"ன்னு. எனக்குக் கை அப்படியே நின்னு போச்சு. வேலையை முடிச்சுட்டுப் போய் அந்த ஆளுகிட்ட, "சார், அது என்ன?"ன்னு கேட்டேன். யூடியூப்ல ஒரு சேனலாம். புதுசா வர்ற தொடரையெல்லாம் முதல் எபிசோடு பார்த்துட்டு எது தேறும், எது தேறாதுன்னு தமிழ்ல சொல்லுவானாம். "நல்லா சொல்லுவான்ங்க இந்தப் பையன், பத்துக்கு எட்டு சரியா இருக்கும்"ங்கறார் அந்த ஆளு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் பார்த்தேன். ஆரம்பத்துலேர்ந்து. மூஞ்சி வராது, குரல் மட்டும்தான். நடு நடுவுல, "எங்க வீட்ல ஒருத்தங்க சொல்லுவாங்க, கத்தற ஹீரோ ஒண்ணுத்துக்கும் ஆக மாட்டான்னு" அப்படிம்பான். என் வார்த்தை பாப்பா! என் பேரைச் சொல்லாம என் வார்த்தையை எடுத்து விட்டுக்கிட்டு இருக்கான். எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போட்டுக் கேட்டேன்.

கீழ கருத்து எழுதலாம்னு இருந்துச்சு. என் பேர்ல எழுத முடியுமா? ராஜாமணின்னு ஒரு பேர் வெச்சுக்கிட்டேன். எங்க வீட்டு ஓனர் பேரு. உலகத்துல எத்தனையோ ராஜாமணி. படத்துக்கு எங்க மாடிச் செம்பருத்தியை எடுத்துப் போட்டேன். யார் வீட்ல இல்ல செம்பருத்தி? "அந்தக் கண்ணாடிக்காரனை நம்பாதே தம்பி, அவன் முழியே சரியில்லை"ன்னு எழுதினேன். ஒரு மணி நேரத்துல பதில். "சரியாச் சொன்னீங்க ராஜாமணி. நானும் அதான் நெனச்சேன்."

அப்புறம் என்ன. ஒவ்வொரு சீசனுக்கும் நான் எழுதுவேன், அவன் பதில் போடுவான். நான் எழுதினதுக்கு மட்டும் நீளமாப் போடுவான். "முட்டி வலிக்கு ஒரே இடத்துல உக்காந்து பார்க்காதீங்க, நடுவுல எழுந்து நடங்க"ன்னு ஒரு தடவை எழுதினான். நான் முட்டி பத்தி மூச்சே விட்டதில்ல. வயசான ஆளுன்னு ஊகிச்சிருப்பான். முகம் தெரியாத ஒருத்தர்கிட்ட எவ்வளவு அக்கறை பாரு. கூடப் பொறந்தவகிட்ட காட்டறதுதான் கஷ்டம். "சர்க்கரை எப்படி இருக்கு?"ம்பான். அது நானே எழுதினதுதான், காப்பியில சக்கரையை விட்டுட்டேன்னு.

இப்படியே ஒன்பது சீசன். அவனுக்கு ராஜாமணி யாருன்னு தெரியாது. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

போன ஜனவரி சீசன்ல குரல் கரகரன்னு இருந்துச்சு. முதல் வீடியோவுல ஜலதோஷம்னு நெனச்சேன். மாசக் கடைசியிலயும் அப்படியே. "தம்பி, ஒரு மாசத்துக்கு மேல குரல் கம்மினா சும்மா இருக்கக் கூடாது. காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட உடனே காட்டு. இது வேண்டுகோள் இல்லை, உத்தரவு"ன்னு எழுதினேன். "சரி, காட்டறேன்"னு பதில் போட்டான்.

ஏப்ரல் வந்துச்சு. வீடியோ வரல. ஒண்ணாம் தேதி போச்சு, அஞ்சு போச்சு, பத்து போச்சு. எல்லாரும் கீழ "அண்ணா எங்க, ப்ரோ எங்க"ன்னு எழுதறாங்க. பதிலே இல்ல. நான் பாட்டுக்கு ஒவ்வொரு முதல் எபிசோடா பார்த்து, லேப் ஃபாரத்துக்குப் பின்னாடி எழுதி வெச்சேன். செத்துப்போய் வேற உலகத்துல பொறந்து அங்க ரேஷன் கடை நடத்தறவன் கதை ஒண்ணு வந்திருக்கு, அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினேன். யாருக்கு? எழுதி மடிச்சு ரொட்டி டப்பாவுல போட்டு வெச்சேன்.

போன செவ்வாய்க்கிழமை வீடியோ வந்துச்சு. ஓடிப் போய்ப் போட்டா, ஒரு பொண்ணு குரல். நாகர்கோவில் பேச்சு. "வணக்கம். நான் பிரிசில்லா. அவியளுக்குக் குரல்வளையில ஒரு சின்னக் கட்டி, ஆபரேஷன் ஆயிருக்கு. நாலு வாரம் பேசக்கூடாது. எழுதித் தந்திருக்காவ, நான் வாசிக்கேன்"னு. வாசிச்சுச்சு. திக்கித் திக்கித்தான். ஜப்பான் பேரெல்லாம் வாயில நுழையல. கடைசியில அது சொல்லுது, "ராஜாமணிங்கிற நேயர் எழுதினதாலதான் நாங்க டாக்டர்கிட்ட போனோம். அவங்களுக்கு நன்றி. கட்டியை பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கு. சனிக்கிழமை ரிசல்ட்டு வரும். எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

பயாப்ஸி. மத்தவங்களுக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு அது என்னன்னு தெரியும். எத்தனை ரிப்போர்ட்டை உறையில போட்டு ஒட்டிக் குடுத்திருக்கேன். வாங்கறவங்க மூஞ்சியைப் பார்க்காம குடுத்துடணும்னு எனக்கு நானே ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். அந்த மூஞ்சி வரிசையா வந்து நின்னுச்சு. புதன், வியாழன், வெள்ளி. போன் பண்ணலாம்னு எடுப்பேன். என்னன்னு கேப்பேன்? உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா?

சனிக்கிழமையும் ஒண்ணும் போடல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, லேப் லீவு. முதல் பஸ்ஸுல ஏறிட்டேன். கேக் பெட்டியிலேர்ந்து ஒரு அட்ரஸைக் கிழிச்சு எப்பவோ பர்ஸுல வெச்சிருந்தேன்.

மூணாவது மாடி. லிஃப்ட் ஓடல. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஏறி பெல் அடிச்சேன். அவதான் திறந்தா. கொஞ்சம் சதை போட்டிருக்கா. என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆச்சு, அப்புறம் சிரிச்சா. "வாருங்க மைனி. வெயில்லயா நடந்து வந்திய?"ன்னா. அவங்க பக்கத்துல புருஷனோட அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்ல. நான் வணக்கம்கூடச் சொல்லல. "ரிப்போர்ட் எங்க?"ன்னேன்.

அவளும் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கல. சாதுப் பொண்ணு, அதெல்லாம் கேக்கத் தோணாது. உள்ள போய் எடுத்துட்டு வந்து குடுத்தா. வாசல்ல நின்னுக்கிட்டே படிச்சேன். ஒரு தடவை, ரெண்டு தடவை. சாதாரணக் கட்டி. வேற ஒண்ணும் இல்ல. கீழ டாக்டர் கையெழுத்து, பதிவு எண், தேதி, பேர் எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்தேன். சொக்கநாதன், ஆண், முப்பத்திரண்டு. அங்க செருப்பு வெக்கற பலகை ஒண்ணு இருந்துச்சு, அது மேலயே உக்காந்துட்டேன். அவ பக்கத்துல தரையில உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ரொம்ப நேரம் விடல.

அப்புறம்தான் சொக்கு வந்தான். கழுத்துல துண்டு. கையில ஒரு சிலேட்டு. பின் தலையில ஒரு நரைமுடி. என்னைப் பார்த்துட்டு நின்னான். எழுதினான். "சாப்டியா?" நாலு வருஷம் கழிச்சு, சாப்டியா.

நான் பேச ஆரம்பிச்சேன் பாப்பா. நிறுத்தவே முடியல. அவன் இளைச்சுட்டான்னேன், லிஃப்ட் ஓடலைன்னேன், ஜன்னல்ல வலை அடிக்கணும்னேன், நாலு வருஷத்துல தெருவுல யார் யார் போய்ச் சேர்ந்தாங்கன்னு சொன்னேன். அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். முந்தியெல்லாம் நடுவுல மறிச்சுப் பேசுவான். இப்ப டாக்டர் உத்தரவு. அவ காப்பி கொண்டு வந்தா. குடிச்சுப் பார்த்தா சக்கரை இல்ல. கேக்காமலே. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாருமே சக்கரையைக் குறைச்சுட்டாங்க போல.

சாப்பிட்டு முடிச்சு மூணு பேரும் சோபாவுல உக்காந்து ஒரு முதல் எபிசோடு பார்த்தோம். அவன் டிவியில போட்டான். நான் ஏற்கெனவே பார்த்ததுதான், அந்த ரேஷன் கடைக்காரன். பார்க்காத மாதிரியே உக்காந்திருந்தேன். "இவன் எடை போடற லட்சணத்தைப் பாரு, செத்தாலும் புத்தி மாறல"ன்னேன். சொக்குவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சத்தமில்லாம, உடம்பு மட்டும் குலுங்குது. "மைனி, சிரிக்கவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ. நீங்க சும்மா இருங்க"ன்னு அவ கையெடுத்துக் கும்பிடறா. அப்படிச் சொல்லிட்டு அவளே சிரிக்கறா. சொக்கு சிலேட்டுல எழுதறான், "இன்னும் சொல்லு."

அவ பாத்திரம் கழுவறப்ப நானும் உள்ள போனேன். தொடைச்சு வெச்சேன். அப்புறம் கேட்டேன், "இப்ப ஹீமோகுளோபின் எவ்வளவும்மா?" "பன்னெண்டு புள்ளி நாலு மைனி"ன்னா. தண்ணியை மூடிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னா, "அன்னைக்கு நீங்க எடுத்த எடம் ஒரு வாரம் நீலமா கெடந்துது மைனி." கோவமாச் சொல்லல. மழை பெய்ஞ்சுதுன்னு சொல்ற மாதிரிதான் சொன்னா.

"நரம்பு சரியாக் கிடைக்கல, ரெண்டு தடவை குத்தற மாதிரி ஆயிடுச்சு"ன்னேன்.

அது பொய் பாப்பா. நரம்பு நல்லா பச்சையா தெரிஞ்சுது. முப்பது வருஷத்துல ரெண்டாவது குத்து நான் போட்டதே இல்ல. அன்னைக்கு என் கை நடுங்கிப் போச்சு. அவன் என்னை விட்டுப் போயிடுவான்னு அவளைப் பார்த்த பத்து நிமிஷத்துலயே தெரிஞ்சு போச்சு. ஆளு நல்ல ஆளுன்னும் தெரிஞ்சு போச்சு. அதான் நடுங்குச்சு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவகிட்ட சொல்லியிருக்கணும். அடுப்படியில நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம். தட்டைத் தொடைச்சுக்கிட்டே இருந்தேன். தொடைச்ச தட்டையே தொடைச்சேன்.

"இன்னைக்குத் தங்குங்க மைனி"ன்னா. ஒரு சின்ன ரூம் இருக்கு, கட்டில்ல புது விரிப்பு விரிச்சிருந்தா. காலைல ஆறரைக்கு லேப் திறக்கணும், வெறும் வயித்தோட வந்து நிப்பாங்கன்னு சொன்னேன். நான் வரலைன்னா வேற ஆள் திறப்பாங்க. ரெண்டு பேர் இருக்காங்க. ஆனா தங்கிட்டா நாளைக்கு அந்த வீட்லேர்ந்து கிளம்பணுமே. இன்னைக்குக் கிளம்பினதே... அதை விடு.

உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு பேரும் வந்தாங்க. நான் உள்ள ஏறி உக்காந்துட்டேன். சொக்கு ஜன்னலுக்குக் கீழ நிக்கறான். இத்தனை கூட்டம், இத்தனை இரைச்சல், எல்லாரும் யாரையோ கூப்பிட்டுப் பேசிக்கிட்டு இருக்காங்க. இவன் மட்டும் வாயை மூடிக்கிட்டு நிக்கறான். நாலு வருஷம் பேசாம இருந்ததைத் தாங்கிட்டேன். இந்த அஞ்சு நிமிஷம் தாங்க முடியல பாப்பா. "போயிட்டு வாக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா தேவலைன்னு இருந்துச்சு. வண்டி எடுக்கறப்ப சிலேட்டைத் தூக்கிக் காட்டினான். "ஜூலைக்கு வா"ன்னு போட்டிருந்தது. புது சீசனுக்குச் சொல்றான்.

"பார்க்கலாம்டா"ன்னுட்டேன். ஜூலையில எங்களுக்குக் காய்ச்சல் சீசன். லேப்ல நிக்க இடம் இருக்காது.

என்ன, பழனி வந்துடுச்சா? அதுக்குள்ளயா? இரு, அவசரப்படாத, வண்டி நிக்கட்டும். அந்தப் பையை நான் பிடிச்சுக்கறேன், நீ போனை உள்ள வை. உன் எபிசோடைப் பார்க்க விடாம பேசிட்டேன். வீட்ல போய்ப் பாரு, டீ போடற இடத்தை ஓட்டி விட்டுடாத.

போயிட்டு வா பாப்பா. இந்தா, ஒரு நிமிஷம். இன்னைக்கு இருபத்தாறாம் தேதிதானே? ஏப்ரல் முப்பதோட முடியுது. அப்ப இதுல நாலு நாள். மே முப்பத்தொண்ணு. ஜூனுக்கு முப்பதா, முப்பத்தொண்ணா?